பேச்சு வானொலியைச் சீர்படுத்துதல்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில், கடலோர வட்டாரம் ஒன்றின் வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை.)



உரத்தைப் பற்றியோ, ஏரி மராமத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். மேஜையின்மீது வைத்திருக்கும் இந்தத் தகரப் பெட்டியைக் கண்டு சிலர் சிரிக்கவும் செய்தீர்கள். பிஸ்கோத்துத் தகரத்தில் துளையிட்டு அமைத்த இப்பெட்டி, செய்தியை அனுப்பவும் வாங்கவும் வல்ல வானொலியாகும். டிரான்ஸீவர் என்று இதனை அழைப்பார்கள். இதனை அமைப்பதற்கு எங்களுக்கு இருபது நாட்கள் பிடித்தன. இதில் பேசும் பேச்சு பிறருக்கு விளங்கும்படி சீர்படுத்துவதற்கோ மூன்று மாதங்கள் பிடித்தன. அந்த மூன்று மாத வேலையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்ததை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தென்னையை இழக்காத குடும்பம் நம்மில் அரிது. மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்போன் கோபுரங்களுள் விழாமல் நின்றவையும் பாட்டரி தீர்ந்ததும், டீசல் தீர்ந்ததும் மௌனமாயின. யூனியன் அலுவலகத்தில் இருந்த எங்களுக்கு, எந்த ஊரில் எத்தனை வீடு போயிற்று, எங்கே குடிநீர் இல்லை, எங்கே நோயாளி கிடக்கிறார் என்பது ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு குக்கிராமத்தில், சர்க்கரை நோய்க்கு அன்றாடம் ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவருக்கு மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய பேரன், விழுந்து கிடந்த மரங்களின்மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி வந்து அதை எங்களிடம் சொன்னபோது மறுநாள் மாலையாகியிருந்தது. மருந்து எங்கள் அலுவலகத்துக்கு எதிர்க்கட்டடத்திலேயே இருந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் அந்தப் பையனுடைய முழங்கால்கள் இருந்த நிலையை நாங்கள் இன்றும் மறக்கவில்லை.

அமெச்சூர் வானொலியைப் பற்றி எங்கள் ஊர் உயர்நிலைப்பள்ளிப் பௌதிக ஆசிரியர் அதற்குமுன்பே பலமுறை சொல்லியிருக்கிறார். நாங்கள் செவிகொடுக்கவில்லை. மத்திய அரசு நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் பெற்று, ஊதியத்துக்காக அன்றி ஆர்வத்தினாலேயே உலகெங்கும் பலர் இவ்வாறு தங்களுக்குள் பேசிவருகிறார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் வானொலிப் பணிக்காக அந்நாளில் போர்ட் பிளேர் எனப்பட்ட நகருக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழுவினர், தங்கள் பெட்டிகளைக் கொண்டே தீவின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பிவந்தனர். சாதாரண நாட்களில் சர்க்கார் செய்தியையோ வியாபாரச் செய்தியையோ இந்த அலைவரிசைகளில் அனுப்பலாகாது. ஆனால் புயல், வெள்ளம், பூகம்பம் ஆகியவற்றால் வழக்கமான தொடர்பு அறுந்துபோகும்போது, கலெக்டர் போன்ற அதிகாரிகளின் செய்திகளை அமெச்சூர்கள் கொண்டுசேர்க்கலாம் என்று 1978ஆம் ஆண்டின் விதிகளிலேயே ஏற்பாடு செய்யப்பட்டது.

ஆசிரியர், மோட்டார்க் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், எங்கள் ஓவர்சியர், நாங்கள் என்று நால்வர் சேர்ந்தோம். கடையில் விற்கும் அயல்நாட்டுப் பெட்டியின் விலை எங்களுக்கு எட்டாது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்பவர், இந்தியக் கடைகளில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டே செய்யத்தக்க பெட்டியொன்றை வகுத்து, அதன் படத்தை யாவரும் பயன்படுத்திக்கொள்ளும்படி வெளியிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. பிட்எக்ஸ் என்பது அதன் பெயர். சுருளைச் சுற்றுவதற்கு உரிய வளையம் கிடைக்காவிடில் தண்ணீர்க் குழாயின் வாஷரிலேயே சுற்றலாம் என்று அவர் காட்டியிருந்தது எங்கள் இளைஞருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவருடைய பெட்டி 14 மெகா ஹெர்ட்ஸில் ஆறு வாட் சக்தியில் பேசுவது. அதே முறையை நாங்கள் 7 மெகா ஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டோம். நம் நாட்டில் 7000 முதல் 7200 கிலோ ஹெர்ட்ஸ் வரையில் அமெச்சூர்களுக்கு இடம் உண்டு. பகற்பொழுதில் நூறு முதல் முந்நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு அது ஏற்றது. கம்பியைத் தாழக் கட்டினால் அலை மேல்நோக்கிச் சென்று, வானத்தில் மின்னேற்றம் பெற்ற காற்று மண்டலத்தில் பட்டு, மழைபோல் சுற்றுவட்டாரமெங்கும் இறங்குகிறது. இடையில் மலை இருந்தாலும் தடையில்லை.

ஆறு வாட் என்பது ஒரு சிறிய எல்.ஈ.டி. விளக்குக்கு ஆகும் சக்தி. அதைக் கொண்டு எவ்வாறு இவ்வளவு தூரம் பேசுவது? பழைய ஒலிபரப்பு முறையில், குரலைச் சுமந்து செல்ல ஊர்தி அலை ஒன்று உண்டு. அதன் இருபுறமும் ஒரே பேச்சைத் தாங்கிய இரண்டு பக்கப்பட்டைகள் உண்டு. அனுப்பும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் அந்த ஊர்தி அலையே தின்றுவிடுகிறது. ஒரு மூட்டை நெல்லை அனுப்புவதற்கு இரண்டு வெற்று வண்டிகளையும் கூடவே ஓட்டிச் செல்வது போன்றது இது. எங்கள் பெட்டி ஊர்தி அலையையும் ஒரு பக்கப்பட்டையையும் நீக்கிவிட்டு, எஞ்சிய ஒரு பக்கப்பட்டையை மட்டும் அனுப்புகிறது. 10 மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழே கீழ்ப்பக்கப்பட்டையை அனுப்புவது உலக வழக்கம். நீக்கப்பட்ட ஊர்தி அலையைக் கேட்பவர் தம் பெட்டியில் தாமே உண்டாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிக்கனம் மிகுந்த முறைதான். ஆனால் சிக்கனத்துக்கு விலையுண்டு. ஊர்தி அலை எந்த இடத்தில் நிற்கவேண்டுமோ அங்கிருந்து இருநூறு அதிர்வு நகர்ந்தாலும், பேச்சு மனிதப் பேச்சாக இராது.

பெட்டிக்குள் 10 மெகா ஹெர்ட்ஸ் படிகங்கள் நான்கைக் கொண்ட சல்லடை ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் போடும் மலிவான படிகங்களே இவை. ஒரே எண் பொறித்திருந்தாலும் ஒன்றுக்கொன்று சில நூறு அதிர்வுகள் வேறுபடும். இருபது படிகங்கள் வாங்கி, ஒவ்வொன்றையும் அளந்து, நெருங்கி நின்ற நான்கைத் தேர்ந்தெடுத்தோம். விதைநெல் பொறுக்கும் வேலைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. இச்சல்லடை ஏறக்குறைய 2200 அதிர்வு அகலமுள்ள பேச்சை மட்டும் விடும், மற்றதைத் தடுக்கும். இதே சல்லடையும் இதே பெருக்கிகளும் வாங்கும்போது ஒரு திசையிலும், அனுப்பும்போது மறுதிசையிலும் வேலை செய்கின்றன. வயலுக்குப் போகவும் வரவும் ஒரே வரப்பு என்பதைப் போல. ஆகையால் கேட்கும்போது சரியாக அமைத்துவிட்டால், பேசும்போதும் பெரும்பகுதி தானே சரியாக இருக்கும். இதைப் பௌதிக ஆசிரியர் முதல் நாளே சொன்னார். எங்கள் அவசரத்தில் நாங்கள் பேசுவதிலேயே கண்ணாக இருந்தோம்.

முதல் வேலை, திருகும் குமிழுக்கு ஏற்ப அலைவரிசையை நகர்த்தும் அலையியற்றியைச் சீர்படுத்துவது. அது 2.8 முதல் 3 மெகா ஹெர்ட்ஸ் வரையில் ஓடவேண்டும். பத்திலிருந்து அதைக் கழித்தால் வருவதே நாம் பேசும் அலைவரிசை. இரவல் வாங்கிய அளவுமானியை வைத்துச் சுருளின் சுற்றுக்களை நெருக்கியும் விலக்கியும் எல்லைகளைப் பிடித்தோம். பிடித்தது நிற்கவில்லை. மின்விசிறியின் காற்றுப் பட்டால் நகர்ந்தது, வாசற்கதவைத் திறந்தால் நகர்ந்தது. சுருளின்மேல் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, அலையியற்றிக்குத் தனியாக ஒரு மூடி போட்டு, வெப்பத்தால் மாறாத மின்தேக்கிகளை இட்ட பின்னரே அடங்கியது. இன்றும் பெட்டியைப் போட்டு அரைமணி நேரம் கழித்தே பேசுகிறோம்.

அடுத்தது ஏரியலுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள வடிகட்டி. ஏரியலை இணைத்து, மெலிந்த நிலையமொன்றைப் பிடித்துக்கொண்டு, மூன்று டிரிம்மர்களையும் மாறிமாறித் திருப்பி, இரைச்சலும் பேச்சும் உச்சத்துக்கு வரும்படி நிறுத்த வேண்டும். வலுத்த நிலையத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் உச்சம் எங்கே என்று காதுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் முனையுள்ள திருப்புளிதான் ஏற்றது. இரும்புத் திருப்புளியை எடுத்தவுடனே சீர் கலைந்துவிடும்.

மூன்றாவதுதான் இவ்வேலையின் உயிர்நிலை. கேட்பவர் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஊர்தி அலையைப் பெட்டிக்குள் உண்டாக்கும் படிகத்தைச் சல்லடையின் மேல்விளிம்பில் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு சிறு டிரிம்மர்தான். அதை விளிம்புக்குள்ளே கொண்டுபோனால் குரல் கனத்து முழங்கும், வெளியே அதிகம் தள்ளினால் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் கீச்சிடும். நாங்கள் திருப்பித் திருப்பிக் கேட்டோம். கோயமுத்தூர்ப் பக்கத்து அன்பர் ஒருவரின் பேச்சு நல்ல கம்பீரமாக வந்த இடத்தில் நிறுத்தி, மெழுகு வைத்துவிட்டோம். ஆசிரியர் அன்று பரீட்சைத்தாள் திருத்தப் போயிருந்தார்.

அதன்பின் அனுப்பும் பகுதி. இங்கே எங்கள் அவசரத்துக்கு உடனே தண்டனை கிடைத்தது. கடைசிப் பெருக்கியாக உள்ள ஐ.ஆர்.எஃப். 510 என்னும் டிரான்ஸிஸ்டர் எரிந்துபோயிற்று. அதன் முதுகுத் தகடும் மின்னிணைப்பில் சேர்ந்தது என்பதை மறந்து, மைக்கா வைக்காமல் அலுமினியத் தகட்டில் முடுக்கியிருந்தோம். இரண்டாவதும் எரிந்தது. அது, மின்னோட்டத்தை ஆளும் திருகியைக் குறைந்த நிலையில் வைக்காமல் பேச்சுப் பொத்தானை அழுத்தியதனால். மூன்றாவதை ஆசிரியர் தம் கையாலேயே வைத்தார்.

அவர் செய்த முறையைச் சொல்லுகிறோம். ஏரியலைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் போலி ஏரியல் ஒன்றை மாட்டினார். ஆயிரம் ஓம் உள்ள, இரண்டு வாட் கார்பன் ரெஸிஸ்டர்கள் இருபதைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் ஐம்பது ஓம் ஆகிறது. சக்தியெல்லாம் அதில் சூடாகிப் போய்விடும், பிறர் காதில் விழாது. சீர்படாத பெட்டியை ஏரியலில் மாட்டிப் பரிசோதிப்பது, உரல் இடிப்பதற்குப் பொதுவழியின் நடுவில் உட்காருவதற்குச் சமானம் என்பார் அவர். மைக்கை எடுத்துவிட்டு, மின்னோட்டமானியைப் பார்த்துக்கொண்டே திருகியை மயிரிழை மயிரிழையாக ஏற்றினார். சிறிது நேரம் ஒன்றும் இராது, பிறகு திடீரென்று ஓடத் தொடங்கும். மொத்த ஓட்டம் நூறு மில்லி ஆம்பியர் உயர்ந்ததும் நிறுத்திவிட்டார். மடையைச் சிறிது திறந்து வைப்பதற்கு ஒப்பானது இது. முற்றும் மூடியிருந்தால் மெல்லிய சொற்கள் வெளியேறாமல் விழுங்கப்பட்டு, பேச்சு விட்டுவிட்டு வெடிக்கும். அதிகம் திறந்தால் டிரான்ஸிஸ்டர் வெந்துபோகும்.

ஊர்தி அலையை நீக்குவது தராசுக் கணக்கு. இரண்டு டயோடுகள் எதிரெதிராக நின்று, ஒன்று தருவதை மற்றொன்று கழித்துவிட வேண்டும். இரு தட்டும் சமமாக இராவிட்டால் மிச்சம் கசியும். அடுத்த அறையில் வேறொரு வானொலியை வைத்து, எங்கள் அலைவரிசையில் கேட்டோம். பேசாமலிருக்கும்போதே ஒரு சீழ்க்கை இடைவிடாது வந்தது. ஒரு திருகியும் ஒரு டிரிம்மரும் இதற்கென்று இருக்கின்றன. திருகியை அசைத்துச் சீழ்க்கையைக் குறைத்து, பின் டிரிம்மரை அசைத்து இன்னும் குறைத்து, மீண்டும் திருகிக்கு வந்து, இவ்வாறு ஏழெட்டுமுறை போய்வந்த பிறகு ஏறக்குறைய அடங்கிற்று. முற்றும் அடங்கவில்லை. ஏன் அடங்கவில்லை என்பதன் காரணம் பின்னர்தான் புலப்பட்டது.

கடைசியாக மைக்கை மாட்டி, நீட்டி "ஆ" என்று குரல் கொடுத்து, போலி ஏரியலின்மேல் மின்னழுத்தத்தை அளந்தோம். உச்சத்தில் 22 வோல்ட் சற்று மேலாகக் காட்டிற்று. அதன் வர்க்கத்தை நூறால் வகுத்தால் ஐந்து வாட் வருகிறது. ஓவர்சியர் உரக்கக் கத்தி ஆறாக்கப் பார்த்தார். அளவு ஏறவில்லை. ஆனால் அடுத்த அறை வானொலியில் எங்கள் பேச்சு இருபுறமும் சிதறி, அண்டை அலைவரிசைகளை எல்லாம் கலக்கியது. அது முதல் மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சாதாரணமாகப் பேசுவது எங்கள் விதியாயிற்று.

இரண்டு கையும் பத்துப் பத்து மீட்டர் உள்ள கம்பியை, தப்பி நின்ற இரண்டு பனைமரங்களுக்கு இடையே மூன்று ஆள் உயரத்தில் கட்டினோம். லைசென்ஸ் பெற்ற ஆசிரியர் அழைத்தார். ஏறத்தாழ இருநூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து, தந்தி இலாகாவில் ஊழியம் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பதில் சொன்னார். எங்கள் கண் கலங்கியது என்று சொல்வதில் வெட்கமில்லை.

அவரோடு ஒத்திகை ஒன்று நடத்த ஏற்பாடாயிற்று. கற்பனைச் செய்தி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு வாசித்தோம். அதில், "பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் குடும்பங்கள் எண்பது, மூன்று நாளைக்கு அரிசி வேண்டும்" என்று இருந்தது. அவர் எழுதிக்கொண்டதைத் திருப்பி வாசித்தார். "குடும்பங்கள் ஐம்பது" என்றார். ஆசிரியர் மீண்டும் வாசித்தார். "ஐம்பதுதானே?" என்றார் அவர். மூன்றாம் முறை எழுத்துக் கூட்டிச் சொன்ன பிறகே எண்பது என்று ஏற்றுக்கொண்டார். ஒத்திகை ஆனதனால் எவருக்கும் நஷ்டமில்லை. அது நவம்பர் 17ஆம் தேதியாக இருந்து, நாங்கள் திருப்பி வாசிக்கச் சொல்லாமலும் இருந்திருந்தால், முப்பது குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்திராது.

அப்போது அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னார்: "உங்கள் குரல் வலுவாக வருகிறது, கேட்க இனிமையாகவும் இருக்கிறது. ஆனால் சொற்களுக்கு நுனி இல்லை." தந்தியில் நாற்பது ஆண்டு காது பழகியவர் அவர்.

சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது குரலின் கனமல்ல. அதன் மேல் ஸ்தாயியில் இருக்கும் கூர்மை. எங்கள் சல்லடையின் அகலமோ 2200 அதிர்வுதான். கம்பீரத்துக்கு ஆசைப்பட்டு ஊர்தி அலையை விளிம்புக்குள் வைத்ததால், கனத்த ஒலிகளுக்கெல்லாம் இடம் கொடுத்துவிட்டு, கூர்மையை வெளியே தள்ளிவிட்டிருந்தோம். சீழ்க்கை முற்றும் அடங்காததற்கும் இதுவே காரணம். ஊர்தி அலையைச் சல்லடையும் ஓரளவு தடுக்கவேண்டும், நாங்களோ அதற்குக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். மெழுகைச் சுரண்டிவிட்டு, டிரிம்மரை அசைத்து ஏறத்தாழ 250 அதிர்வு மேலே, விளிம்புக்கு வெளியே தள்ளினோம். இம்முறை நிலையத்தின் குரல் இனிமையைக் கேட்கவில்லை. பெரியவர் தம் நிலையத்திலிருந்து எண்களை ஒழுங்கின்றி வாசித்தார். எண்பது, ஐம்பது, ஒன்பது, தொண்ணூறு, பத்து, பத்தொன்பது. ஓவர்சியர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு எழுதினார். ஒரு பிழையும் வராத இடத்தில் நிறுத்தினோம். பிறகு நாங்கள் வாசிக்க, அவர் எழுதினார். கேட்பதற்குச் சீர் செய்தது பேசுவதற்கும் சரியாகவே இருந்தது. எங்கள் குரல் இப்போது சற்று மெலிந்து, மூக்கால் பேசுவது போலத்தான் கேட்கிறதாம். எங்கள் வீட்டிலும் அவ்வாறே சொல்லுகிறார்கள்.

இதற்குள் எங்களுள் மேலும் இருவர் பரீட்சை எழுதித் தேறிவிட்டோம். லைசென்ஸ் இல்லாதவர் பேச்சுப் பொத்தானைத் தொடக்கூடாது என்று பெட்டியின் முகப்பிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். கேட்பதற்கு எவரும் அமரலாம். இரண்டாவது பெட்டி அமைப்பில் இருக்கிறது. அது, பேரன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தக் குக்கிராமத்துக்கு. அந்தப் பையன் இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிறான், படிகங்களை அளந்து பொறுக்கும் வேலை அவனுடையது. பரீட்சைக்கும் படித்துவருகிறான்.

மின்சாரத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். பெட்டிக்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ட். கேட்கும்போது கால் ஆம்பியருக்கும் குறைவு. பேசும்போது ஒன்று, ஒன்றரை ஆம்பியர். ஒரு டிராக்டர் பாட்டரி நல்ல நிலையில் இருந்தால் பல நாட்களுக்குத் தாங்கும். ஆகையால் டிராக்டர் வைத்திருக்கும் உறுப்பினர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுகிறோம். ஐப்பசி பிறக்குமுன் பாட்டரியின் முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து வையுங்கள். ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு யூனியன் அலுவலகத்தின் பின்கட்டில் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதலில் எண்களைத்தான் வாசிப்போம். வந்து எழுதிப் பாருங்கள்.